உள்தையல்

3 ஆகஸ்டு 2025, ஞாயிறு
தீபாவளி ரவிக்கைகள் வர ஆரம்பித்துவிட்டன. இன்று ஐந்து பேர். அன்னபாக்கியம் டீச்சருக்குக் கைச்சுற்றளவு கூடியிருக்கிறது. "டீச்சர், இது பிரம்பு பிடிச்ச கையா, பக்கோடா பிடிச்ச கையா?" என்றேன். கோபம் வந்ததுபோல் நடித்தார்.
முகத்துக்கு நேரே எவ்வளவும் கேலி செய்வேன். ஒருத்தியின் அளவை இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. மூன்றாம் ஆண்டோடு பள்ளியை விட்டவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது.

5 ஆகஸ்டு
வாசுகி வந்தாள். ஜொகூரில், லாயாங் லாயாங் ஊரில் என்னோடு வளர்ந்தவள். மார்ச்சில் மார்பில் இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வெளியே கல் எடுத்த ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவள் வீட்டாரை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். தீபாவளிக்குப் பட்டு கட்டிக் கோயிலுக்குப் போகணுமாம், எல்லாரையும் போல. உள்ளே ஏதாவது வைத்துத் தைக்க முடியுமா என்று கேட்டாள். தைத்துவிடலாம் என்றேன்.
அப்படி நான் தைத்ததே இல்லை.

8 ஆகஸ்டு
போனில் நான் தினமும் பார்க்கிற செயலியில் ஒரு குழு கிடைத்தது. மார்பு எடுத்த பெண்களுக்கானது. வெளியாள் பார்க்க முடியாது என்று பூட்டுப் படம் போட்டிருந்தது. பூட்டு என்றால் பூட்டுதானே? என் தோழிக்கு இடது பக்கம் இல்லை, எதை வைத்துத் தைப்பது என்று கேட்டேன். எடைக்குக் கடுகு, மேலே பஞ்சு என்று ஒருத்தி படம் வரைந்தே அனுப்பினாள். நல்ல மனுஷிகள்.

29 ஆகஸ்டு
கடுகுப் பை ரவிக்கைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. வாசுகி கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இடதுதான் இப்போது எடுப்பாக இருக்கிறது, வலதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

14 செப்டம்பர், ஞாயிறு
கோயிலில் டீச்சர் என்னைத் தூணோரம் நிறுத்தினார்.
"வாசுகிக்குப் புற்றுநோயாமே? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."
எப்படித் தெரியும் என்றேன். போனைக் காட்டினார். என் படம், என் பெயர், நான் கேட்ட கேள்வி. குழுவின் பூட்டைச் செயலிக் கம்பெனிக்காரன் எடுத்துவிட்டானாம். அதோடு விட்டானா? "உங்கள் தோழி செல்லம் இங்கே எழுதியிருக்கிறார்" என்று என்னைத் தெரிந்த எல்லாருக்கும் காட்டியிருக்கிறான். நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் மார்ச்சில் ஆஸ்பத்திரியில் படுத்த தோழி எனக்கு வேறு யார்?
பத்து வருஷமாக அந்தச் செயலியில் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதைத்தானே முதலில் பார்ப்பேன். ஏன்டா இப்டி பண்ணீங்க? யாரப் போய் கேக்குறது நான்?

15 செப்டம்பர்
வாசுகி போனை எடுக்கவில்லை.

16 செப்டம்பர்
அவள் வீட்டுக்கே போனேன். இரும்புக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றபடி பேசினாள்.
"ஊரையே கேலி பண்ணுவ. என்னைய விட்டுருவன்னு நெனச்சேன்."
கம்பெனி என்றேன், பூட்டு என்றேன்.
"கேட்டது உன் வாய்தானே, செல்லம்?"
ஆமாம். என் வாய்தான்.

18 செப்டம்பர்
கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். பதில் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? அதற்குக் கீழே, புற்றுநோய்க்கு ஒரு மூலிகைப் பொடி விளம்பரம்.

21 செப்டம்பர், ஞாயிறு
மகள் ஷர்மினி சிங்கப்பூரிலிருந்து வந்தாள். பழைய செயலியை போனிலிருந்து மொத்தமாக அழித்தோம். வேறொன்று போட்டுக்கொடுத்தாள். அதற்கு முதலாளி கிடையாதாம், விளம்பரம் கிடையாதாம். அதை உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாமாம்.
"நான் பாத்தா எனக்கு வெளங்குமா?"
"உங்களுக்கு வெளங்காதும்மா. வெளங்குறவங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க லா."
சட்டையைப் புரட்டி உள்தையலைப் பார்க்காமல் நான் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை. போனில் மட்டும் எப்படி ஏமாந்தேன்?
புதியதில் நானும் ஷர்மினியும் இருக்கிறோம். வேறு ஒரு ஆளும் இல்லை. வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் பழையதிலேயே.

12 அக்டோபர், ஞாயிறு
வாசுகி வந்தாள். மருந்தில் இன்னும் இளைத்துவிட்டாள், ரவிக்கை தோளில் நிற்கவில்லை. இதை வேறு யாரிடம் கொண்டுபோவாள்?
"போன வெளிய வெச்சிட்டு வா."
"இது வேற செயலி, வாசுகி, பழசு மாதிரி இல்ல" என்று சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். செருப்பு வைக்கும் பலகையில் போனை வைத்துவிட்டு வந்தேன்.
அளவெடுத்தேன். ஒரு கேலியும் வாயில் வரவில்லை. அவளை நிற்க வைத்தே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். போகும்போது, அளவு எழுதிய தாளை மேசையிலிருந்து எடுத்து நாலாக மடித்துத் தன் பர்சில் வைத்துக்கொண்டாள்.
"இது என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த தடவ வரும்போது எடுத்துட்டு வரேன்."