ராத்தாவின் குப்பிகளுக்குக் குழி வெட்டாதீர்கள்

அன்பு ராத்தா,

கல்முனை வாழ் சகலருக்கும் ஆழ்ந்த கவலையோடு அறியத் தருவது: உங்கள் தம்பியின் இடது கால் செருப்பு பள்ளிவாசலில் காணாமற்போனது. துணையை இழந்த வலது கால் செருப்பு, விதவை மாதிரி வீட்டு மூலையில் இத்தா இருக்கிறது.

சிரித்தீர்களா? நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம். முதலில் உங்கள் மேல். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வர வேண்டாமா?

பிள்ளை பெற்ற தாய்மாரிடம் கேட்டு நஞ்சுக்கொடியை ஐஸ் பெட்டியில் ஆய்வுகூடத்துக்கு வாங்கிப் போவீர்கள். அரைத்து, சுழற்றி, கரைத்து, கண்ணாடிக் குழாயில் வடியவிட்டு, ஒரேயொரு நொதியத்தை, அதாவது என்சைமை, பிரித்தெடுப்பீர்கள். ஸ்டீரொயிட் சல்பற்றேஸ். என் உடம்பில் வேலை செய்யாத சாமான். அதனால்தான் பழைய தோல் உதிராமல் என் காலில் செதிளாக நிற்கிறது. வகுப்பில் என் பெயர் கொடுவா மீன்.

"நொதியமா, நொந்துபோனதா?" என்று கேட்டேன். காதைத் திருகினீர்கள்.

"இது மருந்தில்லடா. எந்தச் சூட்டுல வேலை செய்யுது, எந்தப் புளிப்புல படுக்குது எண்டு முதல்ல பாக்கணும். சோதனைக் குழாயில மஞ்சள் நிறம் வந்தா ஆள் உசிரோட இருக்கார்."

மிஞ்சிய கொடியை மண்ணில் அடக்குவேன் என்று ஒவ்வொரு தாய்க்கும் வாக்குக் கொடுத்தீர்கள். அந்த வாக்கை நிறைவேற்றத்தான் மாமா உங்கள் ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கே உங்கள் சிநேகிதி கோமதி அக்கா இல்லாத நேரம். உங்கள் பெயர் எழுதியிருந்த எல்லாவற்றையும் வாரி வந்துவிட்டார். கொடி மட்டுமில்லை, நீங்கள் சுத்தப்படுத்திய நொதியம் இருக்கும் சின்னக் குப்பிகளும்தான். இப்போது எல்லாம் நம் பிரிட்ஜில், உம்மாவின் சூரை மீனுக்குப் பக்கத்தில்.

கோமதி அக்கா வீரமுனையிலிருந்து போன் எடுத்து அழுதார். "தம்பி, கொடிய அடக்குங்கோ. குப்பிய மட்டும் தந்திருங்கோ. அதுதான் அவட வேலை முழுக்க."

மாமாவோ, "மனிசன்ட உடம்புல வந்தது மண்ணுக்குத்தான் மவன்" என்கிறார். கண் கலங்கித்தான் சொல்கிறார். அதனால் இன்னும் கோபம் வருகிறது. கெட்டவராக இருந்தால் திட்டுவது லேசு. உங்கள் மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் "பொம்புளப் புள்ளைக்கு ஏன் இந்த ஊத்தை வேலை" என்று குசுகுசுத்தார்களே, அவர்களைத் திட்டுவது அதைவிட லேசு. உங்களை மண்ணில் வைத்தோம். உங்கள் வேலையையும் வைக்க வேண்டுமா?

ஆனால் நான் விடவில்லை ராத்தா. இன்று காலை வாசலில் நின்று மாமாவிடம் நேருக்கு நேர் சொன்னேன். "கொடி தாய்மார்ட. குப்பி ராத்தாட. வாக்குக் குடுத்தது கொடிக்கு." சிங்கம் மாதிரி. மாமாவிடம் ஒரு பதிலும் இல்லை.

கொடி தந்த தாய்மார் இதை வாசித்தால்: உங்களுக்குச் சொன்னது சொன்னபடி நடக்கும். அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா மண்வெட்டியோடு வருவார். கொடியை நானே சுமந்து போவேன். குப்பிகள் கோமதி அக்காவிடம் போகும்.

ஒரு சின்னத் திருத்தம். மாமாவிடம் பதில் இல்லாததற்குக் காரணம், அவர் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிய பிறகுதான் நான் பேசத் தொடங்கினேன். "என்னடா?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டார். "ஒண்டுமில்ல மாமா, கேட்டைப் பூட்டவா எண்டு கேட்டன்" என்றேன்.

அஸருக்குச் சொல்வேன். என்ஜின் நின்ற பிறகு சொல்வேன். குரல் நடுங்கினால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

இப்படிக்கு,
நீங்கள் காது திருகிய ஒரே தம்பி