மழையில் நின்ற வண்டி

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, பிஷ்கெக்கிலிருந்து மகள் உல்கன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? சினைக்குதிரை குட்டி போட்டதா?

மோட்டார் சைக்கிளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் வீண்செலவு என்று எழுதியிருந்தீர்கள். என்னோடு உணவு டெலிவரி செய்யும் ஜெனிஷும் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னான். "ஏபிஎஸ்லாம் கடிவாளம் பிடிக்கத் தெரியாத பொம்பளைங்களுக்கு! சிக்னலுக்குள்ள உன்னைப் பிடிக்கலேன்னா, நம்ம குதிரைப் பந்தயத்துல துரத்திப் பிடிக்க முடியாத பையனைப் பொண்ணு அடிக்கிற மாதிரி, என்னைச் சாட்டையால அடி!"

நேற்று மழையில் என்னைத் துரத்தினான்; சிக்னல்வரை பிடிக்க முடியவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். என் ஏபிஎஸ் வண்டி நேராக நின்றது. அவனோ, ஏபிஎஸ் இல்லாத சக்கரம் பூட்டிக்கொண்டதில், என்னைத் தாண்டிச் சறுக்கிப்போய்ச் சாக்கடையோரம் விழுந்தான். பயப்படாதீர்கள், அவன் கால்சட்டைதான் கிழிந்தது.

"எங்கேடி உன் சாட்டை?" என்று கிடந்தபடியே இளித்தான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஏபிஎஸ் தேவைதான் அப்பா.

அம்மாவிடம் கம்பளிக் காலுறையும் உலர்தயிர் உருண்டையும் கேளுங்கள். இங்கே தனியாகச் சாப்பிட எதுவும் இறங்குவதில்லை. பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பும்போது, காலுறைக்கு அடியில் என் பழைய சாட்டையைச் சுருட்டி வையுங்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அடுத்த ஆர்டர் வந்துவிட்டது, ஓடுகிறேன். அவன் எல்லோர் முன்னாலும் சொன்னான். நானும் எல்லோர் முன்னாலும்தான் அடிப்பேன்.

உங்கள் உல்கன்