எச்சரிக்கை வந்தால் நில்

மார்ச் 3, திங்கள்

பதினைந்து வருஷத்துப் பழைய கணினி நிரல் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடுகிறது. இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் உறுத்தல். துணி ஆலையின் சம்பள நிரலோடு எட்டு வருஷம் மல்லுக்கட்டியவள் நான். கிழட்டு நிரல் என்றால் இருமும், செருமும், நாலு எச்சரிக்கையாவது சொல்லும். இது மட்டும் எப்படி வாயே திறக்காமல்?

இன்று குடைந்து கண்டுபிடித்துவிட்டேன். எச்சரிக்கைகள் வராமல் இல்லை. வருகிறவற்றை எல்லாம் திரைக்கு அனுப்பாமல் காற்றில் விடச் சொல்லி யாரோ ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரியை எடுத்தேன். மடை திறந்த மாதிரி கொட்டியது — திரை கொள்ளவில்லை.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரைப் போனில் பிடித்தேன்.

"அதுவா? ஸ்கிரீன் பூரா என்னமோ வருதேன்னு மேடம் பயந்தாங்க. மூடி வச்சேன். வார்னிங்தானே, எரர் இல்லையே? புரோகிராம் ஓடுதுல்ல?"

ஓடுகிறது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாராவது பார்த்தார்களா?

மார்ச் 4, செவ்வாய்

எனக்கே தெளிவாகட்டும் என்று எழுதி வைக்கிறேன். துறைமுகச் சாலையில் ஒரு மாடி, மூன்று அறை, தலைமையில் மேடம். கடல் முகப்பில் இருக்கும் ஏழு மணல் திட்டுகளில் கூடு வைக்கும் ஆலாப் பறவைகளைக் கணக்கெடுப்பதுதான் அலுவலகத்தின் வேலை. வளையண்ணா (ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது) குஞ்சுகளின் காலில் எண் போட்ட பிளாஸ்டிக் வளையம் மாட்டுவார். கரையிலிருந்து தொலைநோக்கியில் அந்த எண்களைப் படித்துத் தன்னார்வலர்கள் எங்களுக்கு அனுப்புவார்கள். ஒரே பறவையைப் பத்துப் பேர் பார்த்திருக்கலாம். அதனால் வந்த பதிவுகளில் எத்தனை தனித்தனிப் பறவை என்று எண்ணிச் சொல்வதுதான் இந்த நிரல். எழுதியது பெர்ல் என்ற கணினி மொழியில்.

பெர்லில் ஒரு வசதி உண்டு. கோப்பின் தலைப்பில் ஒரே ஒரு வரி. அதைப் போட்டுவிட்டால் எந்த எச்சரிக்கையும் எச்சரிக்கையாக இருக்காது, சாவுதான். சின்னச் சந்தேகம் வந்தாலும் நிரல் அதே இடத்தில் விழுந்து, எந்த வரியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகும்.

போட்டேன். ஓட்டினேன். எடுத்த எடுப்பிலேயே பிணம்!

எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று யாரிடம் சொல்வது? சரிசெய்தேன், ஓட்டினேன், கொஞ்ச தூரம் போய் விழுந்தது. மறுபடி சரிசெய்தேன். ஒருவர் காற்றின் வேகம் என்று கேட்ட இடத்தில் "ரொம்ப" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் ஜூன் முப்பத்தொன்றாம் தேதி பறவை பார்த்திருக்கிறார். நிரல் இத்தனை நாள் இதையெல்லாம் மென்று விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கவில்லை. "என்னடி தனியா சிரிக்கிற?" என்றாள் அம்மா. விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நானும்தான் நீ பொறந்ததுலேர்ந்து எச்சரிக்கிறேன். குடை எடு, ஈரத் தலையோட படுக்காத, அடுப்பை அணைச்சியா பாரு. ஒரு தடவையாவது நின்னு கேட்டிருக்கியா?"

குடையை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு.

காலையில் போக வேண்டிய அறிக்கை போகவில்லை. நிரல்தான் என் வரியால் செத்துக் கிடக்கிறதே. மேடம் என் மேசைக்கே வந்து நின்றார். "ஓடிட்டு இருந்ததை எதுக்கும்மா நிறுத்தின?"

"தப்பா ஓடுது மேடம்."

"பதிமூணாம் தேதி விசாரணை. அதுக்குள்ள எனக்குக் கணக்கு வேணும். விழுந்து விழுந்து எந்திரிக்கிற புரோகிராம் வேண்டாம். அந்த வரியை எடுத்துடு."

துறைமுகத்துக்காரர்கள் திட்டுகளை வெட்டிக் கப்பல் போகக் கால்வாய் போடப் பார்க்கிறார்கள். தடுக்க வேண்டியவர் மேடம்தான். ஆனால் எதை வைத்துத் தடுப்பார்? வருஷா வருஷம் எண்ணிக்கை இறங்கி இறங்கி, போன வருஷம் நூறுக்குக் கீழே வந்துவிட்டது. பறவையே இல்லாத மணலுக்கு எதற்குப் பாதுகாப்பு என்று கேட்பார்கள். மேடம் மனசுக்குள் ஏற்கனவே தோற்றுவிட்டார் என்று நினைக்கிறேன். கோபம் என் மேல் இல்லை.

அலுவலகக் கணினியில் வரியை எடுத்துவிட்டேன். என் பிரதியில் எடுக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று பன்னிரண்டு தடவை செத்தது. கை துறுதுறுவென்று இருக்கிறது, சாப்பிடக்கூட எழுந்திருக்க மனசில்லை.

மார்ச் 7, வெள்ளி

படிக்கட்டில் வளையண்ணா தனியாக உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் வளையம் போடப்போவதில்லை என்று மேடத்திடம் சொல்லிவிட்டாராம்.

"ஏண்ணா?"

"முன்னாடி வெறும் நம்பர் வளையம் இருந்துச்சு. அது தீர்ந்துபோய் எழுத்து போட்ட வளையம் வந்துச்சு. ஒம்பது வருஷமா அதைத்தான் மாட்டுறேன். வருஷத்துக்கு ஐந்நூறு, அறுநூறு குஞ்சு. அதுல எத்தனை திரும்பி வருது தெரியுமா? ஏழு. எல்லா வருஷமும் ஏழு."

"அவ்வளவுதானா?"

"வளையம் கனமோ, கூர்மையோ, என்னமோ. நான்தாம்மா கொல்றேன். உசுரோட துள்ளுறதைக் கையில புடிச்சு, காலில எமனை மாட்டி விடுறேன்."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இந்த மனுஷர் குஞ்சைப் பிடிக்கும் படம் அலுவலகச் சுவரில் இருக்கிறது. முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்திருப்பார்.

எல்லா வருஷமும் ஏழா? அது எப்படி எல்லா வருஷமும்?

மேடத்திடம் கேட்டேன். அவரிடம் விளக்கம் தயாராக இருந்தது: திட்டுக்கு ஒரு குஞ்சுதான் பிழைக்க முடிகிறது, இரை அவ்வளவுதான். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 10, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும்.

காலை பத்தரை இருக்கும். சில்லறைத் தப்புகள் எல்லாம் தீர்ந்து, நிரல் இதுவரை போகாத தூரம் போய் விழுந்தது. திரையில் ஒரே வரி. "4K812" என்பது எண் இல்லையே, இதை எண்ணாக வைத்து ஒப்பிடச் சொல்கிறாயே — இதுதான் அதன் புகார்.

4K812 ஒரு வளையம். நான்காவது திட்டில் பிறந்த குஞ்சு. புது வகை: முதலில் திட்டின் எண், நடுவில் எழுத்து.

இரண்டு வளையமும் ஒன்றுதானா என்று நிரல் கேட்கும் இடம் அது. எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டியதை எண்ணாக ஒப்பிடுகிறது. வெறும் எண் வளையங்கள் இருந்த காலத்தில் எழுதியது, அப்போது அதில் தப்பே இல்லை. ஆனால் 4K812-ஐ எண்ணாக்கு என்றால் பெர்ல் என்ன செய்யும்? முன்னால் எண் போலத் தெரிவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மீதியைத் துப்பிவிடும்.

4.

4K812-ம் 4. 4K377-ம் 4. 4M090-ம் 4. நான்காவது திட்டில் ஒன்பது வருஷமாகப் பிறந்த அத்தனை பறவையும் ஒரே பறவை!

ஏழு திட்டு. ஏழு பறவை. எல்லா வருஷமும் ஏழு!

ஐயோ. ஐயோ. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கிழட்டுப் பறவைகள் எண் வளையத்தோடு ஒவ்வொன்றாகச் சாகின்றன, நிரல் அதைச் சரியாகக் குறைக்கிறது. அவற்றின் இடத்துக்கு வந்தவற்றை மட்டும் பார்க்கவே இல்லை. இனம் அழியவே இல்லை. நாங்கள்தான் எண்ணத் தெரியாமல் அழித்திருக்கிறோம். ஒவ்வொரு பறவைக்கும் நிரல் கத்தியிருக்கிறது, ஒன்பது வருஷமாக. நாம்தான் வாயில் துணியை அடைத்து வைத்திருந்தோம்.

ஒப்பிடும் குறியை மாற்றினேன். இரண்டே எழுத்து. ஓட்டினேன். விழவில்லை, கடைசி வரை போனது.

இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம்.

மார்ச் 11, செவ்வாய்

மேடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டார். திட்டமிட்டுப் பேச நினைத்துப் போனேன், வாய்க்கு வந்தபடி கொட்டினேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"எனக்கு ஆசையா இருக்கு," என்றார். "அதனாலதான் நம்ப பயமா இருக்கு. இதே புரோகிராம் முந்தி ஏழுன்னு சொன்னப்பவும் நான் நம்பினேன். அதுக்குக் காரணம் வேற கண்டுபிடிச்சு எழுதினேன், பாரு. இனிமே கண்ணால பார்த்தாத்தான்."

நாளைக் காலை நான்காம் திட்டுக்கு எதிரே கரைக்குப் போகிறோம். வளையண்ணாவிடம் காரணம் சொல்ல வேண்டாம் என்றார். பொய்யாக இருந்துவிட்டால் அந்த மனுஷர் தாங்கமாட்டார்.

வளையம் போடத் திட்டுக்குப் போவாரே தவிர, வளையண்ணா கரையில் தொலைநோக்கி பிடித்து ஏழு வருஷம் ஆகிறதாம். பார்க்கப் பிடிக்கவில்லையாம்.

மார்ச் 12, புதன்

வளையண்ணா முதலில் தொலைநோக்கியைத் தொடவே மறுத்தார். மேடம், "சும்மா ஒண்ணு படிங்களேன், என் கண்ணுக்கு ஆடுது" என்று ஏமாற்றி உட்கார வைத்தார். மணல் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக வரிசை. எல்லாம் காற்றுக்கு எதிரே முகம் திருப்பி நிற்கின்றன.

"நாலு கே ஒண்ணு ஒம்பது அஞ்சு," என்றார், ஆர்வமே இல்லாமல். "அந்த ஏழுல ஒண்ணு."

"பக்கத்துல நிக்கிறது?"

"பழசா இருக்கும்..." தொலைநோக்கி ஒரு நூல் நகர்ந்தது. "நாலு கே ஆறு பூஜ்யம் ரெண்டு."

நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"அது எப்படி? ரெண்டும் கே... அதுக்கடுத்து... நாலு எம்... நாலு எம் பூஜ்யம் ஒம்பது பூஜ்யம். மேடம், இது எம்!"

அதற்குப் பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே படித்துக்கொண்டு போனார், நான் எழுதிக்கொண்டு போனேன். குரல் ஏறிக்கொண்டே போனது, ஏலம் கூவுகிற மாதிரி. நடுவில் ஒரு எண்ணில் குரல் உடைந்தது. கண்ணை எடுக்காமலே, "இது... இதோட அலகு வளைஞ்சிருக்கும். காலு ரெண்டும் உதைச்சு என் விரலைக் கிழிச்சுது. இது செத்துப்போச்சுன்னு இல்ல நெனச்சேன்" என்றார்.

மேடம் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. காற்றில் மூக்கு ஒழுகியது என்று வைத்துக்கொள்ளலாம்.

அலுவலகக் கணினியில் அந்த வரியை மேடமே போடச் சொன்னார். போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

அதே வரி இன்று காலை என் கழுத்தை அறுத்தது.

விசாரணை பதினொரு மணிக்கு. நேற்றைய பதிவுகளையும் சேர்த்துக் கடைசிக் கணக்கு எடுக்க ஓட்டினேன். செத்துவிட்டது. மேடம் பின்னால் நிற்கிறார், கீழே வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். எவனோ ஒருவன் தேதியைப் போடாமல் அனுப்பியிருக்கிறான்! ஒரே ஒரு காலி இடம். அதற்காக இரண்டாயிரம் பறவையும் நிற்க வேண்டுமா?

"வரியை எடுத்துடலாமா?" என்றேன். நானேதான் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மேடம் குனிந்து திரையைப் படித்தார். "எடுக்காத. அந்த ஒரு ஆளை மட்டும் ஓரமா உட்கார வை. மத்தவங்க போகட்டும்."

அதேதான்! பதிவு உள்ளே வரும் வாசலிலேயே சோதித்து, கோளாறானதைத் தனியே ஒதுக்கிவிட்டால் நிரல் ஏன் சாக வேண்டும்? உள்ளே நான் எதிர்பார்க்காத ஏதாவது நடந்தால் மட்டும் செத்தால் போதும். எதற்கும் சாகாமல் இருந்ததும் முட்டாள்தனம், எல்லாவற்றுக்கும் செத்ததும் முட்டாள்தனம். வாசலில் ஒரு காவல் போட்டேன். ஓடியது. தாள் சூடாக இருக்கும்போதே மேடம் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார்.

சாயங்காலம் வந்து சொன்னார்: துறைமுகத்துக்காரர்கள் சிரித்தார்களாம். ஒரே வாரத்தில் நூறு எப்படி இரண்டாயிரம் ஆனது என்று கேட்டார்களாம். மேடம் தப்பை ஒளிக்காமல் அப்படியே சொன்னாராம். பிறகு வளையண்ணா எழுந்து, "நம்பலைன்னா வாங்க, நான் படிச்சுக் காட்டுறேன்" என்றாராம். விசாரணை அதிகாரிகள், அடுத்த மாதம் நேரில் வந்து பார்க்கிறோம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மனுஷன் ஒம்பது வருஷம் எப்படித் தூங்கியிருப்பான்?" என்றாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அதிகாரிகள் மூவர் கரைக்கு வந்தார்கள். ஒருவர் விளையாட்டாகப் பார்க்க ஆரம்பித்து, மதியம் வரை தொலைநோக்கியை யாருக்கும் தரவில்லை. கால்வாய் தெற்கே, திட்டுகளைச் சுற்றிக்கொண்டு போகுமாம். எழுத்தில் வர நாளாகும். மேடம் அதற்குள் கொண்டாட வேண்டாம் என்கிறார். அவரே அறையில் பாடிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

விடிந்ததும் படகு. ஆள் போதவில்லை என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆறாம் திட்டு முழுக்கக் குஞ்சுகள், மணல் நிறத்திலேயே. கால் வைக்கப் பயம். தலைக்கு மேல் தாய்ப் பறவைகள் கத்திக்கொண்டு பாய்கின்றன. தோளெல்லாம் எச்சம்.

வளையண்ணா முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். "அழுத்தாதம்மா, கூழாங்கல்லா அது? மூச்சு விடட்டும்" என்று என்னைத் திட்டினார். மாட்டும்போது ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னார், எழுதிக்கொள்ள மேடம் பக்கத்திலேயே இருந்தும்.

வெயில் ஏறும் நேரத்தில் வளையப் பையைக் கவிழ்த்து உதறினார். ஒன்றும் விழவில்லை. என் கையில் அடுத்த குஞ்சு காத்திருந்தது, விரலைக் கொத்திக்கொண்டு.

மேடம் போனை எடுத்தார். "இன்னும் ஆயிரம் வளையம் அனுப்புங்க," என்றார். வளையண்ணா கையை ஆட்டினார்.

"ரெண்டாயிரம்னு சொல்லுங்க."