மணல்துறையில் கம்பளி சுற்றிய பறை

ஆட்சியாண்டு ஏழு, கார்த்திகை அமாவாசையன்று காலை, நெடுநீராற்று மணல்துறையில், பெயர் கூறும் பறை கம்பளியால் சுற்றப்பட்டுச் சுங்கச் சாவடியின் பின்கட்டில் அடிக்கப்பட்டது.

நாரைக்கொடி நிழலில் நல்லாட்சி நடக்க, ஆறு வற்றாதிருக்க, துறையில் இறங்குவோர் அச்சமின்றி இறங்க. குறும்பொழில் நாட்டை ஆளும் இளந்தத்தை மாதேவியாரின் திருவுளப்படி, பேரமைச்சர் அந்துவன் பெருஞ்சாத்தனார், மணல்துறை நாயகர் கண்டன் மருதனாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் குடிக்கும் துறை மக்களுக்கும் நலம் உண்டாகுக. இனிக் கூறப்போவது நலமன்று.

அக்கரையில் கருவேல நாட்டு மன்னனின் பாறைக்கோட்டை நிற்பதை நீர் நாள்தோறும் காண்கிறீர். அணை வேலையில் எவரும் மாளவில்லை என்று அம்மன்னன் முரசறைந்தபோது, மாண்டவர்களின் பெயர்களை ஊர்ச்சபையில் ஒவ்வொன்றாகச் சொன்னாள் சேந்தி என்னும் மருத்துவச்சி. அதற்காக அவளும் அவளோடு நின்றவர்களும் அக்கோட்டையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். இரு நாட்டு முன்னோர் செய்த உடன்படிக்கையின்படி, அமாவாசைதோறும் இக்கரையில் பறையடித்து எவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறோமோ, அவரைக் கல்மலைக்கு அனுப்பலாகாது. மூன்று அமாவாசை தொடர்ந்து கேட்கப்படாதவர் கேட்பாரற்றவர் ஆவார்; அவரை அனுப்பத் தடையில்லை. கல்மலைக்குப் போனவர் எவரும் இதுவரை திரும்பியதில்லை.

சேந்தியோடு ஒரே அறையில் கிடந்த வெண்ணி, கல் சுமக்க ஆற்றோரம் இழுத்து வரப்பட்டபோது நீரில் பாய்ந்து தப்பி, அரசவை வந்து சேர்ந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் அவள் கேட்ட முதல் கேள்வி, எங்களை ஏன் கைவிட்டீர்கள் என்பது. அவையில் எவருக்கும் விளங்கவில்லை. பெயர்கள் தவறாமல் கூறப்படுவதாக உம் ஓலைகள் அல்லவா சொல்லிக்கொண்டிருந்தன!

ஒவ்வொரு அமாவாசையும் சிறையிலுள்ளோர் சாளரத்தில் காதை வைத்துக் காத்திருப்பார்களாம். தம் பெயர் கேட்டதும் கஞ்சிச் சட்டியைத் தட்டிப் பதில் சொல்வார்களாம். ஐப்பசியில் ஒன்றும் கேட்கவில்லை. குறும்பொழிலாருக்குத் தொண்டை கட்டியிருக்கும், சுக்குக் குடித்தால் சரியாகிவிடும் என்று சேந்தி சிரித்தாளாம். கார்த்திகையிலும் கேட்கவில்லை. குறும்பொழிலார் பறையை எலி தின்றுவிட்டதாம் என்று காவலன் கேலி பேசினானாம். அன்று சேந்தி சிரிக்கவில்லை. தன் பங்குக் கஞ்சியை வெண்ணியிடம் தள்ளி, நீந்துவதற்கு உடம்பில் வலு வேண்டுமடி, குடி என்றாளாம்.

விசாரித்ததில் உம் விளக்கமும் வந்தது. கருவேல நாட்டுத் தூதன், பறையொலியில் தன் விற்பனைக் குதிரைகள் மிரளுவதாக முறையிட்டானாம். பறையை நிறுத்தினால் பழி வரும், அடித்தால் குதிரை வராது என்று எண்ணி, இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பளியைக் கண்டுபிடித்தீராம். பெயர் ஒன்றுகூட விடுபடவில்லை என்று இன்றும் சாதிக்கிறீராம். போர்ப்பறைக்கு மிரளாத குதிரை ஒரு மருத்துவச்சியின் பெயருக்கா மிரண்டது? அக்கரைக்கு எட்டாத பெயரைச் சுங்கச் சாவடித் தூணுக்கா சொன்னீர்? கொடுங்கோலன் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று, நீர் இன்னொரு தாழ்ப்பாளும் போட்டிருக்கிறீர். அவன் செய்தது கொடுமை. உம்முடையது மரியாதையான கொடுமை. ஒரு முறை கேட்டுவிட்டு ஓய்வதற்கு இது விருந்தழைப்பன்று. அவர்கள் வெளியே வரும்வரை கேட்க வேண்டும்; அலுத்தாலும் கேட்க வேண்டும்; குதிரையே வராவிட்டாலும் கேட்க வேண்டும்.

ஆதலின் ஆணை: இவ்வோலை கண்டதும் கம்பளியை அவிழ்க்க. வரும் மார்கழி அமாவாசையன்று, பறையைப் பழையபடி ஆற்றின் விளிம்புக்குக் கொணர்க. ஆள் வைத்தல் கூடாது. நீரே பறையடித்து, உம் வாயாலேயே பெயர்களைக் கூறுக. சேந்தியின் பெயரே முதலாவதாக. வெண்ணி உம் அருகில் நிற்பாள்; ஒலி போதுமா என்று சொல்ல வேண்டியவள் அவள். தூதன் முறையிட்டால் அவையிடம் அனுப்புக. நாரை இலச்சினை இட்டோம். இது மாறாதிருக்க.

ஓலையின் புறத்தில், மணல்துறை நாயகர் எழுதியது:

ஓலை பெற்றேன். மார்கழி அமாவாசையன்று ஆற்றின் விளிம்பில் பறையடித்துப் பெயர்கள் கூறினேன். வெண்ணி போதாது என்றாள், மீண்டும் கூறினேன். மற்றப் பெயர்களுக்கெல்லாம் அக்கரையில் சட்டியொலி எழுந்தது. சேந்தியின் பெயருக்கு எழவில்லை. தை அமாவாசைக்கும் அவள் பெயரே முதலில் கூறப்படும்.