பஸ்ஸின் பின்கண்ணாடி வழியே எடுத்த காட்சி

அன்புள்ள அப்பாவுக்கு முனீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை மறைக்காமல் எழுதப்போகிறேன். நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

பள்ளிக் குறும்படப் போட்டியில் என் படத்தைத் திரையிட்டார்கள். கேமரா மெல்ல விலகினால் பிரிவின் வலி தெரியும் என்று படித்திருந்தேன். அதனால் கொட்டாம்பட்டியில் நீங்கள் என்னை விடுதிக்குப் பஸ் ஏற்றிவிட்டபோது, நெரிசலில் போனை மட்டும் தலைக்கு மேல் உயர்த்திப் பின்கண்ணாடி வழியே எடுத்தேன். பெரிய திரையில்தான் முழுதாகப் பார்த்தேன். பஸ் நகருமுன்பே நீங்கள் உங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். காலி நிறுத்தத்திலிருந்துதான் கேமரா விலகியது.

"கேமராதான் இம்புட்டு ஏங்குது, அந்தாளு கெளம்பிட்டாரே! யாரும்மா அவரு?" என்றார் நடுவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"தெரியாதவரு சார்" என்றேன்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அடுத்த முறை பஸ் கண்ணுக்கு மறையும்வரை நில்லுங்கள் அப்பா. படத்துக்காக அல்ல. விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.