எடுத்துடு

13 ஆகஸ்ட் 2007, திங்கள்

என் கணவர் இறந்து இரண்டு மாதம். அவருடைய போனில் இருந்த படங்களை மகள் ரம்யா மெயில் வழியாகப் பழைய கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தாள். பெரிதாக்கினால் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. கேபிளில் ஏற்றினால் தெளிவு குறையாதாம். நேற்றே கேபிள் வாங்கி மேசையில் வைத்தேன்.

காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் ரம்யாவிடம், "அப்பா போன்ல இருக்கிற போட்டோ எல்லாத்தையும் எடுத்துடு" என்றேன்.

சாயங்காலம் வந்தால் கேபிள் உறைகூடப் பிரிக்கவில்லை. போன் காலி.

"எடுத்துடுன்னா ஹட்டானா தானே, மம்மி? டிலீட் பண்ணிட்டேன். கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?" இந்தியில் 'ஹட்டானா' என்றால் நீக்குவது.

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை.

வீட்டில் இந்தி மட்டும் போதும், தமிழ் பேசாதே, குழந்தை குழம்பிவிடும் என்று என் வாயை அடைத்தவர் அவர். இப்போது கம்ப்யூட்டரில் மட்டும் கட்டம் கட்டமாகச் சிரிக்கிறார்.