நீலத் தையல் போட்ட மூட்டை

தம்மாம்,
3.3.1985

அன்புத் தங்கை மைமூனுக்கு, அண்ணன் சிக்கந்தரின் ஸலாம்.

போன ரமலானுக்கு ஊர் ஏழைகளுக்கென்று நாங்கள் அனுப்பிய ஜகாத் பணத்தை, பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி தின்றுவிட்டார். ஏற்காட்டுக்காரர்கள் இங்கே சவூதி வெயிலில் தார் ஊற்றிச் சேர்த்த பணம். கணக்குக் கேட்டால், ‘அல்லாஹ் அறிவான்’ என்று பதில் எழுதுகிறார்.

இந்த ரமலானுக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். அந்தப் பணத்தில் கொடுக்கும் அரிசியைப் பெறுகிற ஒவ்வொருவரும் மூட்டையோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முகம் தெரிய வேண்டும்.

மச்சான் ஒழுங்காக வேலைக்குப் போகிறாரா? நீ எழுதவே மாட்டாய்.

சிக்கந்தர்


ஏற்காடு,
27.6.1985

அண்ணனுக்கு, மைமூன் ஸலாம் சொல்லி எழுதுவது.

மச்சான் போகிறார், சம்பளம்தான் ஊடு வந்து சேர்வதில்லை.

நீங்கள் கேட்ட படமெல்லாம் எடுத்தாயிற்று. ஏரிக்கரையில் புது ஜோடிகளைப் படம் பிடிக்கிற மரியதாஸ்தான் வந்தார். ‘சிரிங்க’ன்னு பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த ஊட்டு ஜுலைகா சாச்சியும் நின்றார். அம்மா மௌத்தாகி நாம் தாயில்லாமல் நின்ற வருஷம் உங்களுக்குச் சோறு போட்டாரே, அவர்தான். முக்காட்டை எடுக்க மாட்டேன் என்றார். ‘எடும்மா, முகம் தெரிஞ்சாத்தான் பணம் வருமாம்’ என்றார் முத்தவல்லி. எடுத்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

மைமூன்


தம்மாம்,
15.9.1985

அன்பு மைமூன்,

படங்களைப் பார்த்து எல்லோரும் அழுதுவிட்டார்கள். வசூல் இரண்டு மடங்கு. கணக்கைச் சீர்செய்தவன் என்று என்னையே இங்குள்ள ஏற்காட்டுக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

சாச்சி படத்தைப் பெரிதாக்கி, நாங்கள் சாப்பிடுகிற அறையில் மாட்டியிருக்கிறோம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் என் தட்டையே பார்க்கிறார்.

சிக்கந்தர்


ஏற்காடு,
2.12.1985

அண்ணா,

ஜுலைகா சாச்சி மௌத்தாகிவிட்டார். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை மழையோடு நின்றுபோனது. கேட்கும்போதெல்லாம் ‘சாப்ட்டாச்சு கண்ணு’ என்றார். அடுப்பு எரியாததை நானும் பார்க்கவில்லை.

சாச்சி மகளிடம் வைத்துக்கொள்ள அம்மா படம் ஒன்றுகூட இல்லை. மரியதாஸிடம் போனோம். எல்லாப் படத்தையும் மேசையில் பரப்பினார். ஆள்தான் வேறு, மூட்டை ஒன்றுதான். வலது மூலையில் நீல நூல் தையல், எல்லாப் படத்திலும்.

அவள் சொன்னாள்: ‘படம் புடிச்சதும் மூட்டைய வாங்கி அடுத்தவங்க கையில குடுத்துட்டாங்க அக்கா. நாளைக்கு ஊட்டுக்கே வரும்னாங்க. வரல. வாங்குனதாப் படத்துல இருக்கு, இனி யாருகிட்டப் போய் இல்லைங்கறதுன்னு அம்மா விட்டுருச்சு.’

தின்றவரை யாரும் படம் எடுக்கவில்லை. உங்களிடம் உள்ள படங்களை எடுத்துப் பாருங்கள்.

மைமூன்


ஏற்காடு,
20.2.1986

அண்ணா,

நீங்கள் எனக்கு அனுப்பிய பேங்க் டிராப்ட் வந்தது, கூடக் கடிதம் இல்லை. டிராப்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன். இந்த ரமலானுக்கும் படம் எடுக்க மரியதாஸைக் கூப்பிட்டார்களாம். அவர் வர மாட்டேன் என்றுவிட்டார். சேலத்திலிருந்து வேறு ஆள் வருகிறார்.

பனி இறங்கினால் பக்கத்து ஊட்டுக் கதவு கண்ணில் படுவதில்லை. ஆனால் நான் சோறு வடிக்கும்போது அங்கே முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் கேட்கிறது. சாச்சி மகளும் கரடியூர் போய்விட்டாள். ஊடு பூட்டிக் கிடக்கிறது.

சாப்பிட உட்காரும்போது இனி சாச்சி முகத்தைப் பார்க்காதீர்கள். படத்தில் அவர் கையில் இருப்பதைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்த மூட்டை எங்கே என்று முத்தவல்லிக்கு ஒரு வரி எழுதுங்கள். செயலாளர் என்று போட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மைமூன்